அடித்தளத்தை மறைக்கும் செடிகள்: குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்



தமிழக நகரங்களின் அடுக்குமாடி வளாகங்கள் ஒவ்வொன்றிலும் கண்ணுக்கு உவப்பில்லாத சில கட்டுமானங்கள் தரையை ஒட்டியே அமைந்திருக்கின்றன. நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியாகிய சம்ப், செப்டிக் டேங்க், மழைநீர் சேகரிப்புக் குழியின் சிமென்ட் வளையம், ஜெனரேட்டர் மேடை, கொடிப்பந்தலின் இரும்புத் தூண்கள், மதிற்சுவரின் கறை படிந்த அடிப்பகுதி ஆகியவற்றைப் பசுமையால் மறைக்க வேண்டும் என்ற யோசனைக்குச் சங்கக் கூட்டங்களில் பெரும்பாலும் எதிர்ப்பு எழுவதில்லை. தீர்மானம் நிறைவேறியதும், "வேர் ஆழமாகப் போகாத செடியாகப் பார்த்து வையுங்கள்" என்ற ஒரே நிபந்தனையோடு பொறுப்பு நர்சரிக்காரரிடம் ஒப்படைக்கப்படுகிறது. அந்த நிபந்தனையின் நோக்கம் நல்லது என்றாலும், கட்டுமானத்தைக் காப்பாற்ற அது மட்டும் போதாது என்பதையும், சில இடங்களில் அது தவறான செடியையே தேர்ந்தெடுக்க வைக்கிறது என்பதையும் எடுத்துரைப்பதே இம்மடலின் நோக்கம்.

வேர்களின் இயல்பைப் பற்றிய பொதுவான கருத்திலிருந்தே தவறு தொடங்குகிறது. மரத்தின் வேர் அதன் கிளைப்பரப்புக்கு ஈடாக ஆழத்தில் இறங்குகிறது என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், பெரும்பாலான மரங்களின் நீருறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் ஓரிரு அடி ஆழத்திற்குள்ளேயே படர்ந்திருக்கிறது. காற்றும் ஈரமும் சத்தும் ஒருசேரக் கிடைப்பது அந்த அடுக்கில்தான் என்பதே அதற்குக் காரணம். ஆணிவேரோடு முளைக்கும் மரங்கள்கூட, இறுகிய மண்ணையோ உயர்ந்த நிலத்தடி நீர்மட்டத்தையோ சந்திக்கும்போது பக்கவாட்டில் பரவி, தம் கிளைகளின் விளிம்பையும் கடந்து நெடுந்தொலைவு செல்கின்றன. ஆகவே, 'மேலோட்டமான வேர்' என்ற தன்மை சிறு பூச்செடிக்கும் பெருமரத்திற்கும் ஒருங்கே பொருந்துவதாக இருப்பதால், அதை மட்டும் அளவுகோலாகக் கொண்டு ஒரு செடி பாதுகாப்பானது என்று முடிவு செய்ய இயலாது.

சுவரையும் தளத்தையும் உண்மையில் அசைப்பது வேரின் பருமன். இருவித்திலைத் தாவரங்களில், அதாவது விதைக்குள் இரண்டு பருப்புகளைக் கொண்ட மா, வேம்பு, ஆல், செம்பருத்தி போன்றவற்றில், வேரின் உள்ளே 'கேம்பியம்' எனப்படும் வளர்திசு ஒன்று ஆண்டுதோறும் புதிய கட்டைத் திசுவைச் சேர்த்துக்கொண்டே போவதால், தொடக்கத்தில் நூல்போல் சுவரின் விரிசலுக்குள் நுழைந்த வேர் சில ஆண்டுகளில் கைப்பருமன் அடைந்து அவ்விரிசலை அகலமாக்குகிறது. புல், லில்லி, வாழை, பனை முதலான ஒருவித்திலைத் தாவரங்களில் பெரும்பாலானவற்றுக்கு இவ்வளர்திசு இல்லை. அவற்றின் சல்லிவேர்கள் எண்ணிக்கையில் பெருகுமேயன்றித் தனித்தனியாகப் பருப்பதில்லை. செடி கட்டைபிடிக்காத மென்தண்டு கொண்டதா, அல்லது கட்டைபிடிக்கும் இனமா என்ற கேள்வி, வேரின் ஆழம் பற்றிய கேள்விக்கு முன்பே கேட்கப்பட வேண்டும்.

இதற்கான சான்றுகள் தெருவிலேயே உள்ளன. குல்மொஹர் எனப்படும் செம்மயிற்கொன்றை மேலோட்டமான வேர்களைக் கொண்டது. நடைபாதைக் கற்களைப் பெயர்த்து மேலே தள்ளுவதும், புயலில் வேரோடு சாய்வதும் அம்மரமே. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையருகே கரையைக் கடந்த வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தபோது, சாய்ந்தவற்றில் அவ்வகை மரங்கள் நிறைய இருந்தன. இதற்கு நேர்மாறாக, வெட்டிவேர் மூன்று மீட்டர் ஆழம் வரை வேர்விடக்கூடிய புல்லினம். ஆயினும் அதன் வேர்கள் பருக்காமல் மண்ணைப் பின்னிப் பிடிப்பதால், சரிவுகளையும் வரப்புகளையும் தாங்க அது உலகின் பல நாடுகளில் திட்டமிட்டு நடப்படுகிறது. மேலோட்ட வேர்கொண்ட ஒன்று தளத்தைப் பெயர்க்க, ஆழவேர்கொண்ட மற்றொன்று கரையைக் காக்கிறது என்னும்போது, ஆழத்தை மட்டும் கேட்டுச் செடி வாங்கும் வழக்கம் எவ்வளவு குறையுடையது என்பது விளங்கும்.

இரண்டாவதாகக் கருத வேண்டியது தண்ணீர். வேருக்கு எட்டத்தில் உள்ள குழாயை மோப்பம் பிடித்துச் செல்லும் ஆற்றல் கிடையாது. குழாயின் இணைப்பிலோ தொட்டியின் விரிசலிலோ கசியும் ஈரம் சுற்றியுள்ள மண்ணை நனைக்கும்போது, அந்த ஈர மண்ணில் வேர்கள் செழித்து, கசிவின் வாயிலாகவே உள்ளே புகுகின்றன. செப்டிக் டேங்கிற்குள் வேர் காணப்பட்டால், செடியைக் குறைகூறுவதோடு நின்றுவிடாமல் தொட்டியின் பூச்சையும் இணைப்புகளையும் ஆய்வது அறிவுடைமை. மேலும், வேர் எதுவும் செய்யாத நிலையிலும், அடித்தளத்தை ஒட்டி நாள்தோறும் ஊற்றப்படும் தண்ணீர் தனியே தீங்கு செய்கிறது. கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே இறங்கும் ஈரம் உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்ய, துரு தான் தோன்றிய இரும்பைவிட இரு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்வதால், மேலிருக்கும் கான்கிரீட் பிளந்து உதிர்கிறது. ஆகவே, வேர் சிறியதாக இருப்பதோடு, அன்றாடம் நீர் கேட்காத இனமாகவும் செடி இருந்தால்தான் தேர்வு முழுமையடையும்.

மூன்றாவது, மண்ணின் தன்மை. சென்னையின் திருவான்மியூர், சாந்தோம் போன்ற கடற்கரையோரப் பகுதிகளில் மணற்பாங்கான நிலமும், அண்ணா நகர், மேற்கு மாம்பலம், விருகம்பாக்கம் போன்ற பகுதிகளில் களிமண்ணும் காணப்படுவதால், ஒரே நகரின் இரு வளாகங்களுக்கு ஒரே செடிப்பட்டியல் பொருந்துவதில்லை. களிமண்ணும் கரிசலும் மழையில் உப்பி வெயிலில் சுருங்குபவை. சுருங்கும் காலத்தில் பெருநீர் குடிக்கும் மரம் ஒன்று அருகில் இருந்து எஞ்சிய ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்ளுமானால், அப்பக்கத்து மண் மட்டும் கூடுதலாக அமர்ந்து, சுவரில் சாய்வான விரிசல்கள் தோன்றுகின்றன. மணல் நிலத்தில் இவ்வாபத்து குறைவு. ஆனால் அங்கு ஈரம் நிற்காததால், வறட்சி தாங்கும் செடிகளே நிலைக்கும்.

இனி, மறைக்க விரும்பும் கட்டுமானங்களை ஒவ்வொன்றாக நோக்கலாம். சம்ப் மூடுதளத்தின் மேல் மண் கொட்டிப் பாத்தி அமைக்கும் வழக்கம் பல வளாகங்களில் காணப்படுகிறது. நனைந்த மண் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,800 கிலோ எடையுள்ளது எனக் கொண்டால், 30 செ.மீ. உயர மண்ணடுக்கு ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 540 கிலோவை ஏற்றுகிறது. ஆட்கள் ஏறிப் புழங்கும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர விதிகள் கொள்ளும் புழங்குபாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ மட்டுமே என்பதோடு இதை ஒப்பிட்டால், பாத்தியின் சுமை புலப்படும். வண்டி ஏறிச் செல்லும்படி கட்டப்பட்ட தளம் வேறு, வெறும் மூடியாகக் கட்டப்பட்ட தளம் வேறு என்பதால், கட்டடப் பொறியாளரின் ஒப்புதல் இன்றித் தளத்தின்மேல் மண் ஏற்றக் கூடாது. குடிநீர்த் தொட்டியாயின், உரமும் பூச்சிமருந்தும் கலந்த நீர் கசிந்து உள்ளே இறங்கும் வாய்ப்பும் சேர்ந்துகொள்கிறது. தளத்தை வெறுமையாக விட்டு, அதன் விளிம்பிலிருந்து ஓரடி தள்ளிச் சுற்றிலும் முழங்கால் உயரச் செடிகளை வரிசையாக வைப்பதும், தளத்தின்மேல் எடை குறைந்த தொட்டிகளை இடம் மாற்றத்தக்க வகையில் அடுக்குவதும் போதுமான மறைப்பைத் தரும்.

செப்டிக் டேங்கைப் பொறுத்தவரை, முழுமையாக மறைப்பதே பிழை. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கசடு அகற்றும் லாரியின் குழாய் அதன் மூடிவரை எட்ட வேண்டும். மூடி எங்கிருக்கிறது என்பது செடிகளுக்கிடையே மறந்துபோய், மண்வெட்டியால் தேடும் நிலை வரக் கூடாது. பாதுகாப்புக் கருவிகளின்றி மனிதரை இறக்கிச் சுத்தம் செய்வதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருப்பதால், இயந்திரம் அணுகுவதற்கான வழியைத் திறந்து வைப்பது அழகுணர்ச்சியைவிட முதன்மையான கடமையாகிறது. சம்ப் மூடிக்கும் இது பொருந்தும்: பூட்டுடன் கூடிய மூடி வெளியே தெரியும்படி இருப்பதே குழந்தைகளுக்குப் பாதுகாப்பு, இலைகளால் மூடப்பட்ட உடைந்த மூடி ஒரு பொறி. மழைநீர் சேகரிப்புக் கட்டமைப்பு 2003 முதல் தமிழகக் கட்டடங்கள் அனைத்திற்கும் கட்டாயமாக்கப்பட்ட ஒன்று. அதன் குழியில் நிரப்பிய ஜல்லிக்கும் மணலுக்கும் இடையே வேர்களோ சருகுகளோ புகுந்து அடைத்துக்கொண்டால் நீர் இறங்காது என்பதால், குழியின் வாயைச் சுற்றிலும் வேர் பரவாத, உதிர்சருகு குறைந்த செடிகளையே வைக்க வேண்டும்.

கட்டடச் சுவரின் அடிப்பகுதியில் நிகழும் கேடு மெதுவானது, அதனாலேயே கவனிக்கப்படாதது. கொத்தனார்கள் 'பேஸ்மட்டம்' என்று குறிப்பிடும், தரைக்கு மேலும் அறைத்தளத்திற்குக் கீழுமாக உள்ள சுவர்ப்பகுதியின் உச்சியில், நிலத்தின் ஈரம் மேலேறாதவாறு தடுக்கும் ஈரத்தடுப்பு அடுக்கு ஒன்று இடப்படுகிறது. தோட்டம் அமைப்பவர்கள் லாரி லாரியாகச் செம்மண்ணைக் கொட்டிப் பாத்தியை உயர்த்தும்போது, மண் அந்த அடுக்கையும் தாண்டிச் சுவரைத் தொட்டுவிட்டால், ஈரம் தடுப்பைச் சுற்றிக்கொண்டு நேரே சுவருக்குள் ஏறுகிறது. முதலில் உட்சுவரின் அடியில் வண்ணப்பூச்சு கொப்புளமாக எழும்பும். பின்னர் வெண்மையான உப்பு பூக்கும். அதன்பின் விரலால் தேய்த்தாலே சிமென்ட் பூச்சு மணலாக உதிரும். தரைத்தள வீட்டார் ஓதம் காக்கிறது என்று முறையிடும்போது, மேல்வீட்டுக் குழாயில் கசிவு தேடப்படுகிறதேயன்றி, சன்னலுக்கு வெளியே உயர்ந்துவிட்ட பாத்தியை யாரும் நோக்குவதில்லை. கறையான் தடுப்புக்காகக் கட்டடத்தைச் சுற்றி மருந்திட்ட மண்ணும் பாத்திக்காகக் கிளறப்படும்போது தன் காப்பை இழக்கிறது. எனவே, மண்மட்டம் ஈரத்தடுப்பு அடுக்கிற்குக் குறைந்தது 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். சுவருக்கும் செடிக்கும் இடையே ஓரடி அகலத்தில் முக்கால் அங்குல ஜல்லி பரப்பிய வெற்றிடம் விடப்பட வேண்டும். அந்த இடைவெளி சுவர் உலரவும், எலி வளைகளையும் கறையான் புற்றையும் நடந்து பார்த்துக் கண்டறியவும் உதவுகிறது.

கொடிப்பந்தலின் தூண்களுக்கு வேறொரு சிக்கல் உண்டு. இரும்புத் தூணும் மரத்தூணும் மண்ணுக்குள் ஆழப் புதைந்த இடத்தில் அழிவதைவிட, காற்றும் ஈரமும் சந்திக்கும் மண்மட்டக் கோட்டில்தான் விரைவாக அரிக்கப்படுகின்றன. அடர்ந்த செடிகளால் அவ்விடத்தை மூடினால், ஈரம் உலராமல் நிற்பதோடு, அரிப்பும் கண்ணில் படாமல் போகிறது. தரைக்கு மேல் அரையடி உயரமுள்ள கான்கிரீட் பீடத்தின்மேல் தூணை நிறுத்தி, பீடத்தை மட்டும் செடியால் மறைப்பதே முறை. பந்தலில் ஏற்றும் கொடியையும் தூணின் அடியிலேயே நடாமல் இரண்டடி தள்ளி நட்டு, கயிற்றால் தூணுக்கு இழுத்துவிடலாம். சங்குப்பூவும் முல்லையும் இதற்கு ஏற்றவை. காகிதப்பூ அழகியதாயினும் காலப்போக்கில் அடிமரம் பருத்து, முள்ளும் சுமையுமாகி, மெல்லிய தூண்களைச் சாய்க்கும்.

இவ்வளவு வரையறைகளையும் கடந்து நிற்கும் செடிகள் நம் மண்ணில் குறைவில்லாமல் உள்ளன. முழுவெயில் விழும் இடங்களில் சோற்றுக் கற்றாழை, மழை லில்லி, பட்டு ரோஜா ஆகியவையும், அரைநிழலில் ஸ்பைடர் லில்லி, இலையின் அடிப்புறம் ஊதாவாக உள்ள ரியோ, கற்பூரவல்லி ஆகியவையும், ஈரமும் நிழலும் உள்ள வடக்குச் சுவரோரங்களில் பெரணிகளும் நன்கு வளர்கின்றன. இவை அனைத்தின் வேர்களும் மேல்மண்ணிலேயே தங்குபவை, பருத்துக் கட்டைபிடிக்காதவை, இடம் மாற்ற நேர்ந்தால் மண்வெட்டியால் கட்டியோடு பெயர்த்தெடுக்கத் தக்கவை. மருள் எனப்படும் வாள்போன்ற இலையுள்ள செடி நீரின்றியும் தாங்கும் என்றாலும், அதன் கிழங்குத்தண்டு நெருக்கமான தொட்டியை உடைக்குமளவு தள்ளவல்லது என்பதால், ஆண்டுக்கொரு முறை பிரித்து நட வேண்டும். உயரமான மறைப்பு தேவைப்படும் மதிலோரங்களில், பருக்காத சல்லிவேர்களைக் கொண்ட அரிகா பாமைச் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி நடலாம்.

பூச்செடி வேண்டும் என்போருக்குக் கனகாம்பரம் முதல் பரிந்துரையாகத் தகும். இரண்டடி உயரத்தில் நின்று, அரைநிழலிலும் பூத்து, சிறிய வேர்த்தொகுதியோடு அடங்கும் இச்செடியில், 'டெல்லி கனகாம்பரம்' என்னும் வகை விதை பிடிக்காதது. தண்டுத் துண்டுகளாலேயே பெருக்கப்படுவதால், வேண்டாத இடங்களில் தானே முளைக்கும் தொல்லை அதில் இல்லை. இட்லிப்பூவின் நிலை சற்று வேறு. நர்சரிகளில் மிகுதியாக விற்கப்படும் அதன் குட்டை வகைகள் அடித்தளத்தை மறைக்க உருவத்தில் பொருத்தமானவை. ஆனால் அமிலத்தன்மையுள்ள மண்ணை விரும்பும் செடியாதலால், சிமென்டிலிருந்து கரைந்திறங்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கும்போது, இரும்புச்சத்தை உறிஞ்ச முடியாமல், இளந்தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பரப்பு மஞ்சளாகவும் வெளுக்கின்றன. இதைத் தண்ணீர்க் குறையென்று கருதி மேலும் நீர் ஊற்றுவதால், செடியும் தேறாமல் சுவரும் நனைகிறது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து இலைகளில் தெளிப்பது தற்காலிகத் தீர்வு. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி, தொழுவுரம் மிகுந்த குழியில் நடுவதே நிலையான தீர்வு.

தவிர்க்க வேண்டியவற்றையும் சுருக்கமாகச் சொல்வது கடமை. வேலிச் செடியாகக் கத்தரித்து விற்கப்படும் ஃபைகஸ் வகைகள் ஆல், அரசின் இனத்தவை. கத்தரிக்கோல் தலையைக் குட்டையாக வைத்தாலும், வேர் மரத்துக்குரிய இயல்போடுதான் பருக்கும். விரைவான பசுமைக்காக நடப்படும் கொனோகார்பஸ், நிலத்தடிக் கம்பிகளையும் குழாய்களையும் பாதிப்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, 2023-இல் குஜராத் அரசால் தடை செய்யப்பட்டது. மஞ்சள் பூவோடு தரையை மூடும் வெடெலியாவின் வேர் சுவரை அசைக்காது எனினும், உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் அது இடம்பெற்றிருப்பதால், பாத்தியைத் தாண்டி வடிகாலுக்கும் ஏரிக்கரைக்கும் பரவுவதற்கான பொறுப்பை நட்டவரே ஏற்க வேண்டியிருக்கும். அரளி, டைஃபன்பேக்கியா போன்ற நச்சுச் செடிகள் குழந்தைகள் விளையாடும் இடங்களுக்குப் பொருந்தாதவை.

நட்ட செடியைவிட நடாத செடியே சுவருக்குப் பெரும்பகை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. பறவைகளின் எச்சத்தின் வழியே விரிசல்களில் விழும் அரசு, ஆல் விதைகள், மறைப்புச் செடிகளின் பின்னே ஈரமும் நிழலும் கிடைப்பதால் எளிதில் முளைத்து, பார்வையில் படும் முன்பே வேரூன்றிவிடுகின்றன. கல் கோபுரங்களையும் பிளக்கும் இவ்வளர்ச்சியைத் தமிழ்ச் சமூகம் நெடுங்காலமாக அறிந்திருந்தது. ஏழாம் நூற்றாண்டின் திருநாவுக்கரசர் கையில் உழவாரப்படையோடு சிற்பங்களில் காட்டப்படுவதும், கோயில்களில் புல்பூண்டு அகற்றும் உழவாரப்பணி இன்றளவும் தொண்டாக நிகழ்வதும் அவ்வறிவின் தொடர்ச்சியே. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை சுவரோரம் நடந்து, இரண்டிலைப் பருவத்திலேயே அக்கன்றுகளைப் பிடுங்கிவிடுவது, பிற்காலத்தில் சுவரை உடைத்து வேரெடுக்கும் செலவை முற்றிலும் தவிர்க்கும்.

ஆடிப் பட்டத்தில் நடப்படும் செடிகள் வடகிழக்குப் பருவமழைக்குள் வேர் பிடித்துக்கொள்வதால், அடுத்த கோடையில் அவற்றுக்குக் குறைந்த நீரே போதும். சொட்டுநீர்க் குழாயைச் செடிக்கும் சுவருக்கும் இடையே போடாமல் செடியின் வெளிப்புறத்தில் அமைத்தால், வேர்களும் ஈரமுள்ள அப்பக்கத்திலேயே செழித்து, சுவரைவிட்டு விலகியே பெருகும்.

சங்கங்களிடம் இம்மடல் வேண்டுவது பெருஞ்செலவுள்ள திட்டம் எதையும் அன்று. செடி வாங்கும் முன் அதன் வேர் பருக்குமா, எவ்வளவு அகலம் பரவும், எவ்வளவு நீர் கேட்கும், தேவைப்பட்டால் பெயர்த்தெடுக்க இயலுமா என்னும் நான்கு கேள்விகளுக்கும் நர்சரிக்காரரிடம் விடை பெறுங்கள். வளாகத்தின் குழாய்கள், தொட்டிகள், மூடிகள், மின்கம்பிகள் ஆகியவற்றின் வரைபடம் ஒன்றைத் தயாரித்து, தோட்டப் பணியாளரின் கையில் ஒரு படியும் அறிவிப்புப் பலகையில் ஒரு படியும் இருக்கச் செய்யுங்கள். கட்டி முடித்த நிறுவனம் அவ்வரைபடத்தைத் தரவில்லையெனில், இப்போதிருக்கும் பிளம்பரின் நினைவிலிருந்தாவது அதை எழுதி வாங்குங்கள். புதிய பாத்திக்கான முதல் குழி, அந்த வரைபடம் கைக்கு வந்த பிறகே தோண்டப்படட்டும்.